டவுன்லோட் பறக்கிறது, அப்லோட் நகரவில்லை: கேபிள் இணையத்தில் கோளாறு எங்கே?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் எங்கள் சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மதுரையில் இருக்கும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் திரையில் அம்மா பளிச்சென்று தெரிந்தார். பின்னால் மிக்சி ஓடுவதுகூடக் கேட்டது. அம்மாவோ திரும்பத் திரும்ப, "என்னப்பா, உன் மூஞ்சி அப்படியே நிக்குது, பேசுறது ஒண்ணும் விளங்கல" என்றார். அவர் எங்களுக்குத் தெரிகிறார், நாங்கள் அவருக்குத் தெரியவில்லை. அப்லோட் கோளாறின் முதல் அடையாளம் இதுதான்.

கேபிள் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். "பெரிய திட்டத்துக்கு மாறுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். மாதம் 20 டாலர் கூடுதலாகக் கொடுத்து மாறினேன். நான்கு மாதம் கட்டியும் அம்மாவுக்கு நாங்கள் அதே உறைந்த முகங்கள்தான். கடைசியில் கோளாறு வீட்டின் வெளிச்சுவரில், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு கனெக்டரில் இருந்தது. அந்த 80 டாலரை இன்னொருவர் கட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில், டிவிக்கு வருகிற அதே தடித்த கோஆக்சியல் கேபிள் வழியாக இணையம் வாங்குகிறவர்களுக்கானது இது. உங்கள் வீட்டுக்குள் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் வருகிறது என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் சரியாக அளந்துகொள்ளுங்கள்

ஃபோனில் வைஃபையைப் போட்டு, சோஃபாவில் உட்கார்ந்து எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மடிக்கணினியை ஈதர்நெட் கேபிள் போட்டு ரவுட்டரில், முடிந்தால் நேரே மோடத்தில் (கோஆக்சியல் கேபிள் வந்து சேரும் பெட்டி), செருகுங்கள். ஆபீஸ் விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டில் எந்த ஃபோனாவது படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். காலையில், மதியம், இரவு 9 மணிக்கு என்று மூன்று வேளை, இரண்டு நாள் அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் கம்பெனியோடு பேசும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குப் பலம்.

அடுத்து, உங்கள் திட்டத்தில் அப்லோட் எவ்வளவு என்று தேடுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் மட்டும்தான். அப்லோட் எண் உங்கள் கணக்குப் பக்கத்தில் 'பிராட்பேண்ட் லேபிள்' என்ற சிறு அட்டவணையில் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கணக்கு. வேகம் வினாடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ், என்று சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பள்ளி ஆண்டுவிழா வீடியோ 2 ஜிகாபைட் என்றால், 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது ஏற 27 நிமிடம் ஆகும். 35 எம்பிபிஎஸ் இருந்தால் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தெளிவான வீடியோ அழைப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும். ஆகவே திட்டத்தில் 20 என்று போட்டிருந்தும் ஒரே ஒரு அழைப்பு திக்குகிறது என்றால் திட்டம் சின்னது என்பது காரணமில்லை.

எப்போது அளந்தாலும் ஒரே எண், திட்டத்தில் சொன்னதும் அதே எண்

அப்படியானால் உங்கள் இணைப்பில் பழுதில்லை. டெக்னீஷியன் வந்தும் பயனில்லை. கேபிளின் அமைப்பே அப்படி.

கேபிள் டிவி 1940களின் கடைசியில் பென்சில்வேனியா, ஓரிகன், ஆர்கன்சா போன்ற இடங்களில், வீட்டு ஆண்டெனாவுக்கு சிக்னல் எட்டாத ஊர்களுக்காகப் பிறந்தது. உயரத்தில் ஒரு பெரிய ஆண்டெனா, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி. எல்லாம் வருவதற்கான வழிதான், போவதற்கு எதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 2ஆம் சேனல் 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். அதற்கு மேலே முழுக்க டிவிக்கு. பின்னாளில் வீட்டிலிருந்து திரும்பிப் பேச ஒரு பாதை வேண்டும் என்றபோது கீழே மிஞ்சியிருந்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம் மட்டுமே. வருவதற்கு ஏறக்குறைய 950 மெகாஹெர்ட்ஸ், போவதற்கு வெறும் 37. அந்த 37இலும் அடிப்பகுதி இரைச்சல் நிறைந்தது. லாரி ஓட்டுநர்கள் பேசும் சிபி ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் 6.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல்களை வைத்தால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 27 எம்பிபிஎஸ் கிடைக்கும். நான்கு சேனல் சேர்த்தால் நூற்றுச் சொச்சம். அதுவும் உங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல, ஒரே நோடில், அதாவது அக்கம்பக்கத்து வீடுகளின் கம்பிகள் எல்லாம் போய்ச் சேரும் சந்திப்புப் பெட்டியில், தொங்கும் அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து. ஆயிரம் எம்பிபிஎஸ் டவுன்லோட் திட்டத்துக்கே பல கேபிள் கம்பெனிகள் பல வருடம் 35 எம்பிபிஎஸ் அப்லோட் மட்டும் கொடுத்தது இதனால்தான்.

எஃப்சிசி எனப்படும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2015இல் பிராட்பேண்ட் என்றால் 25க்கு 3, அதாவது டவுன்லோட் 25 எம்பிபிஎஸ், அப்லோட் 3 என்று வரையறுத்தது. 2024 மார்ச்சில் அது 100க்கு 20 ஆனது. உங்கள் திட்டத்தின் அப்லோட் 20க்குக் கீழே இருந்தால் அது இன்றைய அளவுகோலுக்கே எட்டவில்லை. வேறு திட்டம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: "அடுத்த திட்டத்தில் அப்லோட் எவ்வளவு கூடும்?" டவுன்லோட் 300இலிருந்து 500 ஆகும், அப்லோட் அதே எண்ணில் நிற்கும் என்பது மாதிரியான திட்டங்கள் நிறைய. நான் ஏமாந்தது இங்கேதான், அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

ஒரு நேரம் 18, ஒரு நேரம் 3. மழை பெய்தால் இன்னும் மோசம்

இது பழுது. கொஞ்சம் பொறுமை இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டுங்கள். பெரும்பாலான கேபிள் மோடம்களில் உள்பக்கம் அங்கே திறக்கும். கம்பெனியே தந்த ரவுட்டர்-மோடம் என்றால் 10.0.0.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கலாம். அதில் 'அப்ஸ்ட்ரீம்', அதாவது அப்லோட் திசைக்கான அட்டவணையைத் தேடுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, பவர். இது மோடம் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது என்பதற்கான எண். 35 முதல் 48 டிபிஎம்வி (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். வழியில் எங்கோ சிக்னல் தேய்கிறது, அதை ஈடுகட்ட அது கத்துகிறது. டவுன்லோடுக்கு இதற்கு நேர் எதிர்ப் பழக்கம் வேண்டும்: அங்கே பூஜ்யத்தை ஒட்டி, மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவே இருப்பதுதான் ஆரோக்கியம்.

இரண்டாவது, எத்தனை சேனல் 'லாக்டு', அதாவது இணைப்பு பிடித்தது, என்று இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த முறையில் ஓடுகிறது என்பது. க்யூஏஎம் என்பது சிக்னலில் தகவலை ஏற்றும் முறை, எண் பெரிதானால் வேகமும் கூடும். 64 க்யூஏஎம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 16 க்யூஏஎம் இருந்தால், இரைச்சலுக்குப் பயந்து பேச்சை மெதுவாக்கியிருக்கிறார்கள். நான்கில் ஒன்றுதான் லாக் ஆகியிருக்கிறது என்றால் வேகம் சரிந்ததற்கு அதுவே காரணம்.

மூன்றாவது, 'ஈவண்ட் லாக்', அதாவது மோடம் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பு. அதில் டி3 டைம்அவுட் என்ற வரி இருந்தால், மோடம் கூப்பிட்டது, எதிர்முனை பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். வாரத்தில் ஒன்றிரண்டு வந்தால் கவலையில்லை. மணிக்குப் பத்து வந்தால் கவலைப்பட வேண்டும். டி4 வந்தால் மோடம் இணைப்பையே விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் மோடத்தில் பவர் 51 இருந்தது, சேனல்கள் 16 க்யூஏஎம்மில் ஓடின, லாகில் பக்கம் பக்கமாக டி3. இந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். மோடத்தின் பின்னால் இருக்கும் கனெக்டரை விரலால் திருகிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். ஸ்ப்ளிட்டரிலும் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) சுவர் பெட்டியிலும் உள்ளவற்றை ஸ்பானரால் இன்னும் கால் சுற்று இறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பேஸ்மெண்டிலோ அலமாரியிலோ இருக்கும் ஸ்ப்ளிட்டரைத் தேடுங்கள். அதன் மேல் ஒவ்வொரு வாய்க்கும் 3.5 அல்லது 7 என்று அச்சிட்டிருக்கும். அது டெசிபல் இழப்பு. 3.5 என்றால் பாதிக்கு மேல் சக்தி போய்விடும். 7 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இழப்பு இரண்டு திசையிலும் உண்டு. முந்தைய குடித்தனக்காரர் நான்கு அறைக்கு டிவி இழுத்த ஸ்ப்ளிட்டர் இன்னும் அங்கேயே இருந்தால், அதைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் கம்பியை மோடத்துக்கு நேரே சேர்க்கும் சின்னக் கனெக்டர் ஒன்றைப் போடுங்கள். டிவிக்கும் கேபிள் வேண்டும் என்றால் இரண்டு வாய் ஸ்ப்ளிட்டர் போதும், ஒரு வாய் மோடத்துக்கு மட்டும்.

எங்கள் வீட்டில் ஸ்ப்ளிட்டரை எடுத்ததும் 51 என்பது 47.5 ஆனது, ஆனாலும் மழை நாளில் மறுபடி ஏறியது. வெளிச்சுவரில் மின் மீட்டருக்குப் பக்கத்தில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கும், தரையிணைப்புக்காக. அதில் இருந்த கனெக்டரைத் திருகியபோது நடுவில் உள்ள செம்புக் கம்பியின் நுனியில் பச்சை பூத்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே இருக்க வேண்டிய ரப்பர் உறையைக் காணவில்லை. படம் எடுத்துக்கொண்டு, அப்படியே திருப்பி மாட்டிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் அந்த முனையையும் கம்பத்திலிருந்து வரும் முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். பத்து நிமிட வேலை. பவர் 42க்கு இறங்கியது. 3க்கும் 18க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்த அப்லோட் 22இல் நின்றது. திட்டத்தில் சொன்னது 20தான். கம்பெனிகள் சற்றுக் கூடுதலாகவே அமைத்து வைப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. டவுன்லோடில் ஒரு வீட்டின் பழுது பெரும்பாலும் அந்த வீட்டோடு நிற்கும். அப்லோடில் அப்படி இல்லை. எல்லா வீடுகளின் இரைச்சலும் புனலில் தண்ணீர் சேர்வதுபோல நோடில் போய்ச் சேரும். தெருவில் ஒரே ஒரு வீட்டில் கழன்று கிடக்கும் கம்பி, ரேடியோ இரைச்சலை உள்ளே இழுத்து மற்ற எல்லார் அப்லோடையும் கெடுக்கும். ஆகவே உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் லாகில் டி3 குவிகிறது என்றால் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் அதே நிலை என்றால், "என் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்" என்று கேட்காமல், "நோடில் அப்ஸ்ட்ரீம் இரைச்சல் இருக்கிறது, லைன் பராமரிப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வீட்டுக்கு வருகிற டெக்னீஷியன் வேறு, கம்பத்தில் ஏறுகிற குழு வேறு.

டெக்னீஷியன் வரக் கட்டணம் உண்டா என்று ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். பொதுவாக வெளிச்சுவர் வரை அவர்கள் பொறுப்பு, உள்ளே உள்ள கம்பி உங்கள் பொறுப்பு. வெளிப்பக்கப் பழுது என்று காட்ட நீங்கள் எடுத்த படம் உதவும்.

இரவு 7 மணிக்கு மேல் மட்டும் படுக்கிறது

மோடம் பக்கத்தில் எல்லா எண்ணும் நன்றாக இருந்து, காலையில் முழு வேகம் வந்து, மாலையில் மட்டும் பாதியானால் அது நெரிசல். நோடைப் பிரித்து வீடுகளைக் குறைப்பதுதான் வழக்கமான தீர்வு, அது கம்பெனியின் கையில் இருக்கிறது. நீங்கள் குறித்து வைத்த தாளைக் காட்டிப் புகார் பதிவு செய்து, சரியாகும் வரை பில்லில் கழிவு கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. பெரிய வீடியோக்களை விடியற்காலையில் ஏறும்படி நேரம் குறித்து வைப்பது அதுவரைக்கும் ஒரு வழி.

ஒருவர் படம் ஏற்றினால் வீடே நின்றுவிடுகிறது

மகள் ஆன்லைனில் தமிழ் வகுப்பில் இருக்கிறாள். அந்த நேரத்தில் மனைவியின் ஃபோன் கல்யாண வீட்டுப் படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. உடனே வகுப்பும் திக்குகிறது, நான் பார்க்கும் செய்தித் தளமும் திறக்க மறுக்கிறது. டவுன்லோடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நீங்கள் எதை இறக்கினாலும் "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கணினி சின்னச் சின்னப் பதில்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்லோட் பாதை நிரம்பிவிட்டால் அந்தப் பதில்கள் ஆயிரம் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பதில் வராததால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பார்.

இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். அப்லோட் நடக்கும்போது பிங் நேரத்தை, அதாவது ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர ஆகும் நேரத்தை, பாருங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட், ஏற்றும்போது 400 என்றால் இதுதான் நோய். இதற்கு வேகம் கூட்டத் தேவையில்லை, வரிசையை ஒழுங்குபடுத்தினால் போதும். ரவுட்டர் அமைப்பில் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) என்று ஒன்று இருந்தால் இயக்கி, அப்லோட் வரம்பை நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். 20 வந்தால் 17 போடுங்கள். மூன்று எம்பிபிஎஸ் விட்டுக்கொடுத்தால் வீடு முழுக்க நிம்மதி. கேபிள் இணையத்துக்கான தொழில்நுட்பத் தரத்துக்கு டாக்சிஸ் என்று பெயர். டாக்சிஸ் 3.1 மோடம்களில் இந்த வரிசைக் கட்டுப்பாடு உள்ளேயே கட்டாயமாக இருக்கிறது. பழைய 3.0 மோடத்தை மாற்ற இது ஒரு நல்ல காரணம்.

கம்பியில் சரி, வைஃபையில் மட்டும் மோசம்

ஃபோனின் ரேடியோ ரவுட்டரின் ரேடியோவைவிடச் சக்தி குறைந்தது. ரவுட்டர் சொல்வது மாடி அறைக்குக் கேட்கும், மாடியிலிருந்து ஃபோன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. அதனால் தூரத்து அறைகளில் முதலில் விழுவது அப்லோட். ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வகுப்பு நடக்கிற மேஜைக்கு மட்டுமாவது ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். கேபிள் கம்பெனிக்கு இதில் வேலை இல்லை.

"உங்கள் ஊரில் அப்லோடைக் கூட்டிவிட்டோம்" என்றார்கள், எனக்கு மட்டும் கூடவில்லை

சில வருடங்களாகக் கேபிள் கம்பெனிகள் 42 மெகாஹெர்ட்ஸ் எல்லையை 85க்கு உயர்த்தி வருகின்றன. இதற்கு மிட்-ஸ்ப்ளிட் என்று பெயர். சில இடங்களில் 204 வரைகூடப் போகிறார்கள், அது ஹை-ஸ்ப்ளிட். அப்லோட் 100 எம்பிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் இதனால் சாத்தியமாகிறது. கூடவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள்.

ஒன்று மோடம். பழைய மோடத்துக்கு 42க்கு மேலே பேசவே தெரியாது. சொந்த மோடம் வைத்திருப்பவர்கள், கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் அது கூடிய அப்லோடுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இருப்பது வேறு, அப்லோடுக்கு அனுமதி பெற்றிருப்பது வேறு.

இரண்டாவது, யாரும் நினைத்துப் பார்க்காதது: பேஸ்மெண்டில் இருக்கும், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர். உள்ளங்கை அளவுப் பெட்டி, ஒரு சின்ன அடாப்டரில் மின்சாரம் எடுக்கும். அதன் மேல் 5-42, 54-1002 என்று அச்சிட்டிருந்தால் அது 42க்கு மேல் எதையும் மேலே விடாது. எத்தனை நல்ல மோடம் வாங்கினாலும் அந்தப் பெட்டி வாசலில் நின்று மறித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி, கம்பியை நேரே மோடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

வேகம் அப்படியே இருக்கிறது, பில் மட்டும் ஏறுகிறது

2024 ஏப்ரல் 10 முதல் பெரிய கம்பெனிகளும், அதே வருடம் அக்டோபர் 10 முதல் சிறிய கம்பெனிகளும் ஒவ்வொரு திட்டத்துக்கும் பிராட்பேண்ட் லேபிள் காட்ட வேண்டும் என்பது எஃப்சிசி விதி. டப்பாவின் பின்னால் ஊட்டச்சத்து அட்டவணை இருக்குமே, அதே வடிவம். மாத விலை, அது அறிமுக விலையா, எத்தனை மாதத்துக்கு, பிறகு எவ்வளவு, கூடுதல் கட்டணங்கள், வழக்கமான டவுன்லோட், அப்லோட், தாமதம், டேட்டா வரம்பு எல்லாம் அதில் இருக்கும். அதைப் பில்லோடு பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

பில் திடீரென்று ஏறியதற்குப் பெரும்பாலும் காரணம் 12 அல்லது 24 மாத அறிமுக விலை முடிந்தது. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, ஒரு மாதம் முன்பே ஃபோன் செய்யுங்கள். "இணைப்பை நிறுத்தலாம் என்று யோசிக்கிறேன்" என்றால் வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். சலுகை தரும் அதிகாரம் அந்தப் பிரிவிடம்தான் இருக்கிறது. ஊரில் ஃபைபரோ 5ஜி வீட்டு இணையமோ என்ன விலை என்று முன்னமே தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

மோடம் வாடகை அடுத்தது. மாதம் 15 டாலர் என்றால் வருடம் 180. அதே பணத்துக்கு நல்ல மோடம் ஒன்று சொந்தமாக வாங்கிவிடலாம். சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் வாடகை வசூலிப்பது 2019இல் இயற்றப்பட்ட சட்டப்படி 2020 டிசம்பரிலிருந்து தடை. பில்லில் அந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள்.

டேட்டா வரம்பு இருக்கும் இடங்களில் அப்லோடும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாசலில் வைத்த கேமரா ஒன்று இடைவிடாமல் 2 எம்பிபிஎஸ் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட், மாதத்துக்கு 648. இரண்டு கேமரா வைத்தால் 1.2 டெராபைட் வரம்பு அதிலேயே தீர்ந்துவிடும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றுங்கள். அப்லோடும் மிச்சம், பில்லும் மிச்சம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை கொடுத்துவந்த அரசு உதவித் திட்டம் 2024 ஜூன் 1இல் நின்றுவிட்டது. 2.3 கோடிக் குடும்பங்கள் அதை நம்பியிருந்தன. பெற்றோரோ தெரிந்தவரோ அதில் இருந்திருந்தால் அவர்கள் பில்லை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பல கேபிள் கம்பெனிகளில் குறைந்த வருமானத்தினருக்கென்று தனித் திட்டம் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

எல்லாம் செய்தும் கம்பெனி அசையவில்லை என்றால்

எஃப்சிசியின் நுகர்வோர் புகார்ப் பக்கத்தில் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். புகார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்: திட்டத்தில் 20, பத்து நாள் அளவில் இரவு சராசரி 4, அப்ஸ்ட்ரீம் பவர் 51, இத்தனை தேதியில் இத்தனை முறை அழைத்தேன். மோடம் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள்.

தெருவில் ஃபைபர் வந்திருந்தால் தயங்க வேண்டாம். அதில் பெரும்பாலான திட்டங்களில் அப்லோடும் டவுன்லோடும் சமம். புது இணைப்பு ஒரு வாரம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு கேபிளை நிறுத்துங்கள். வாடகை மோடத்தைக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, வரிசை எண் அச்சிட்ட ரசீதை வாங்கி, கடைசி பில் வந்து கணக்கு முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.